பினீசியர்கள் வெறும் தரகர்கள்தானா?

"பினீசியர்கள் ஓரிடத்துச் சரக்கை வாங்கி வேறிடத்தில் விற்றுப் பிழைத்த கடல் தரகர்கள் மட்டுமே, எழுத்தைப் பரப்பியதைத் தவிர அவர்களுக்கெனச் சொந்தமான பண்பாடு எதுவும் இருந்ததில்லை என்று படித்தேன். இது சரியா?" என்று கேட்டிருந்தீர்கள்.

இந்தக் கருத்துக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகள் இருக்கும். ஹோமரின் ஒடிசியில் பினீசிய வணிகன் ஒருவன் ஒரு தீவின் அரச மாளிகைக்குள் பொன்னும், அம்பர் என்னும் மரப்பிசின் மணிகளும் கோத்த மாலையைக் கொண்டு வருகிறான். அரசியும் பணிப்பெண்களும் அதைக் கையில் வாங்கிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருக்கும் வேளையில், கப்பல்காரர்களோடு ஏற்கெனவே பேசி வைத்திருந்த செவிலி குழந்தையான இளவரசனைக் கப்பலுக்குக் கடத்திச் செல்கிறாள். அதே ஹோமர் இலியட்டில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைப் புகழும்போது, உலகிலேயே அதற்கு நிகரில்லை என்றும் சீதோனின் கைவினைஞர்கள் அதைச் செய்தார்கள் என்றும் சொல்கிறார். வணிகனை ஏமாற்றுக்காரன் என்று ஏசிக்கொண்டே அவன் ஊர்ப் பொருளுக்கு ஏங்கும் இந்த மனநிலையில்தான் கிரேக்கரும், பின்னாளில் ரோமானியரும் பினீசியரைப் பற்றி எழுதினார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி அந்தப் போட்டியாளர்களுடையது. அகழாய்வில் வெளிவந்தவற்றை அவற்றோடு சேர்த்துப் படித்தால், பினீசியர் உற்பத்தியாளர்களாகவும் இருந்தார்கள், அவர்களுடைய கோயிலும் எழுத்தும் எடைக்கல்லும் வணிகத்தோடு ஒன்றாகவே வளர்ந்தன என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு தெளிவு. பினீசியா என்ற பெயரில் ஒரு நாடோ பேரரசோ இருந்ததில்லை. அந்தப் பெயர் கிரேக்கர் வைத்தது. இன்றைய லெபனான் கடற்கரையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் தீரு, சீதோன், பைப்லோஸ், அர்வாத் முதலிய நகரங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி அரசன், தனித் தெய்வம், தனிக் கடற்படை. மக்கள் தம்மைச் சீதோனியர் என்றோ தீருவைச் சேர்ந்தவர் என்றோதான் சொல்லிக்கொண்டார்கள். ஒரே மொழியைப் பேசினாலும் ஆபத்து வந்தபோது இந்த நகரங்கள் ஒன்றாக நின்றது அரிது.

இந்நகரங்களின் பின்னால் லெபனான் மலைத்தொடர் கடலை நெருங்கி நிற்கிறது. இடையில் உள்ள சமவெளி பல இடங்களில் சில கிலோமீட்டர் அகலமே கொண்டது. பெருகும் மக்கள் தொகைக்குப் போதுமான கோதுமை அங்கே விளையாது. ஆனால் மலையில் கேதுரு மரம் இருந்தது. நம் இமயமலைத் தேவதாருவும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. நெடிய, நறுமணம் கொண்ட, எளிதில் உளுத்துப்போகாத அந்த மரம் எகிப்தில் கிடையாது. கி.மு. 2600 வாக்கில் ஆண்ட சினெஃப்ரு மன்னன் காலத்தில் நாற்பது கப்பல்களில் கேதுரு மரம் வந்ததாக எகிப்தின் பழைய ஆண்டுக்குறிப்பு ஒன்று பதிவு செய்கிறது. அவன் மகன் கூஃபுவின் பெரிய பிரமிடு அருகே புதைக்கப்பட்டிருந்த, சுமார் 43 மீட்டர் நீளமுள்ள படகும் பெரும்பாலும் இந்த மரத்தால் ஆனதே.

இந்த மர வணிகம் எப்படி நடந்தது என்பதை எகிப்தியப் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் ஒன்று வியப்பூட்டும் நெருக்கத்தில் காட்டுகிறது. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்நிகழ்வு உண்மை அறிக்கையா, புனைவா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும் எழுதியவருக்குத் துறைமுக நடைமுறை நன்றாகத் தெரிந்திருக்கிறது. எகிப்தியத் தெய்வமான அமோனின் கோயிலைச் சேர்ந்த வெனமூன், தெய்வத்தின் திருப்படகுக்கு மரம் வாங்கப் பைப்லோஸ் வருகிறான். வழியில் அவனுடைய பொன்னும் வெள்ளியும் திருட்டுப் போய்விட்டன. பைப்லோஸ் அரசன் சக்கர்பால், "என் துறைமுகத்தை விட்டுப் போ" என்று இருபத்தொன்பது நாள் தொடர்ந்து சொல்லியனுப்புகிறான். ஒருவழியாகச் சந்திப்பு நடக்கும்போது, "உன் தந்தையும் பாட்டனும் கொடுத்ததைப் போல நீயும் கொடு" என்று வெனமூன் உரிமையோடு கேட்கிறான். அரசன் சினம் கொள்ளவில்லை. தன் முன்னோர்களின் கணக்குச் சுருள்களை எடுத்துவரச் சொல்லிப் படித்துக்காட்டச் செய்கிறான். எகிப்து முன்பு விலையாக அனுப்பிய வெள்ளி உட்பட அனைத்தும் அதில் பதிவாகியிருந்தன. பிறகு எகிப்திலிருந்து பொன் சாடிகள், வெள்ளிச் சாடிகள், மெல்லிய நார்த்துணி, ஐந்நூறு பாப்பிரஸ் சுருள், ஐந்நூறு மாட்டுத்தோல், ஐந்நூறு கயிறு, இருபது மூட்டை அவரையினப் பருப்பு, முப்பது கூடை மீன் ஆகியவை வந்து சேர்ந்த பின்னரே, முந்நூறு ஆட்களையும் முந்நூறு எருதுகளையும் அனுப்பி அரசன் மரத்தை வெட்டச் செய்கிறான். எகிப்தின் பெருமை சரிந்துவிட்ட காலம் அது. ஆனாலும் என்னைக் கவர்வது அந்தக் கணக்குச் சுருள்தான். தலைமுறை தலைமுறையாக வரவு எழுதிவைத்த ஓர் அரசவையை, கண்டதை வாங்கி விற்கும் கூட்டமாகக் கருதுவது கடினம்.

பைப்லோசை அடுத்து, கி.மு. 10ஆம் நூற்றாண்டு முதல் தீரு முன்னணிக்கு வருகிறது. அது கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளியிருந்த ஒரு தீவு. அதன் அரசன் ஈராம் எருசலேம் ஆலயத்துக்கு மரமும் தச்சர்களும் அனுப்பி, ஈடாகச் சாலொமோனிடமிருந்து ஆண்டுதோறும் கோதுமையும் எண்ணெயும் பெற்றான் என்ற விவிலியக் கதை தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததே. அதில் உள்ள அளவுகளை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை; எனினும் மலை மரத்தைக் கொடுத்துச் சமவெளித் தானியத்தை வாங்குவது என்ற அடிப்படைப் பேரம் நிலத்தின் இயல்போடு பொருந்துகிறது.

இன்றைய வட ஈராக்கை மையமாகக் கொண்ட அசீரியப் பேரரசு மேற்கே விரிந்தபோது இந்த நகரங்களுக்குப் புதிய நெருக்கடி வந்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் இரண்டாம் அசூர்நசிர்பால் கடற்கரை நகரங்களிடமிருந்து கப்பமாகப் பெற்ற பட்டியலில் வெள்ளி, பொன், வெள்ளீயம், வெண்கலம், வண்ண விளிம்பு வைத்த ஆடைகள், குரங்குகள், கருங்காலி, தந்தம் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் எத்தனை பொருள் லெபனானில் கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்தால், கப்பம் கட்டுவதற்கே தொலைதூர வணிகம் தேவைப்பட்டிருக்கும் என்பது புரியும். அசீரியரும் அதை உணர்ந்தே நடந்தார்கள். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அசீரிய அதிகாரி ஒருவர் தம் மன்னனுக்கு எழுதிய களிமண் மடல் பழைய அசீரியத் தலைநகரான நிம்ரூதில் கிடைத்தது. தீருவின் மக்கள் விருப்பம்போல மலையேறி மரம் இறக்கிக் கொள்ளலாம், அதற்குத் தாம் சுங்கம் வாங்குவதாகவும், லெபனான் துறைகளிலெல்லாம் சுங்க அலுவலர்களை அமர்த்தியிருப்பதாகவும் அவர் எழுதுகிறார். சீதோனில் மட்டும் மக்கள் சுங்க அலுவலரை எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். அவர் படை அனுப்பி அவர்களை அடக்கினார். பிறகு அவர்களுக்கு இட்ட ஆணை இது: மரத்தை வெட்டுங்கள், இறக்குங்கள், ஆனால் எகிப்தியருக்கும் பெலிஸ்தருக்கும் விற்கக் கூடாது. பின்னர் அசீரிய மன்னன் எசர்ஹதோன் தீரு அரசனோடு செய்த உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மன்னன் அனுப்பும் கடிதத்தை அசீரியப் பிரதிநிதி உடனில்லாமல் தீரு அரசன் பிரிக்கக்கூட முடியாது. தீருவின் கப்பல் அசீரிய ஆளுகைக்குட்பட்ட கரையில் உடைந்தால் சரக்கு அசீரிய மன்னனுக்குச் சேரும். கப்பலில் உள்ளவர்களுக்கு மட்டும் எந்தத் தீங்கும் செய்யக் கூடாது.

தரகர் என்ற குற்றச்சாட்டுக்கு நேரடி மறுப்பு அவர்களுடைய சாயப்பட்டறைகளில் இருக்கிறது. முட்கள் நிறைந்த ஓடு கொண்ட மியூரெக்ஸ் என்னும் கடல் நத்தையின் உடலில் சிறு சுரப்பி ஒன்று உண்டு. அதிலிருந்து வரும் நீர் முதலில் நிறமற்றதாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். காற்றும் வெயிலும் பட்டதும் பச்சையாகி, நீலமாகி, கடைசியில் ஊதாவாக மாறும். ரோம எழுத்தாளர் பிளினி தரும் செய்முறைப்படி, சுரப்பிகளை எடுத்து உப்பிட்டு மூன்று நாள் ஊறவைத்து, பின் ஈயப் பாத்திரத்தில் இளஞ்சூட்டில் பல நாள் காய்ச்சி, மேலே திரளும் சதைத் துணுக்குகளை அவ்வப்போது வழித்தெடுத்துவிட்டுக் கம்பளி நூலைத் தோய்ப்பார்கள். உறைந்த இரத்தத்தின் நிறம் வந்தால்தான் முதல் தரம். 1909இல் பவுல் ஃபிரீட்லெண்டர் என்ற வேதியியலாளரால் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் தூய சாயமே எடுக்க முடிந்தது. விலைக்கான காரணம் அதிலேயே இருக்கிறது. கி.பி. 301இல் ரோமப் பேரரசர் டயோக்ளிசியன் வெளியிட்ட விலை ஆணையில் ஊதாச் சாயம் தோய்த்த பட்டு நூல் ஒரு ராத்தலுக்கு 1,50,000 தெனாரி என்று குறிக்கப்பட்டுள்ளது. தீருவில் சாயப்பட்டறைகள் மிகுந்திருப்பதால் அங்கே குடியிருப்பது அருவருப்பாக இருக்கிறது, ஆனால் நகரம் செல்வத்தில் கொழிப்பதும் அவற்றால்தான் என்று புவியியலாளர் ஸ்திராபோ எழுதினார். நத்தை அழுகும் நாற்றத்தோடு வாழ்ந்தவர்கள் அதை வெளியிலிருந்து வாங்கி விற்றவர்களாக இருக்க முடியாது. இன்றைய ஹைஃபா அருகிலுள்ள சிக்மோனாவில் ஊதாக் கறை படிந்த பெரிய மண்தொட்டிகளின் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பல நூற்றாண்டுகள் அங்கே தொழில் இடையறாமல் நடந்திருக்கிறது.

மதுவும் அப்படியே. சீதோனுக்குத் தெற்கே தெல் எல்-புராக்கில் கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திராட்சை மிதிக்கும் ஆலை வெளிப்பட்டது. உடைந்த மண்பாண்டத்தை இடித்துச் சுண்ணாம்போடு கலந்து, நீர் கசியாத சாந்து பூசியிருந்தார்கள். அந்த மது எப்படிக் கடல் கடந்தது என்பதற்கு இன்றைய இஸ்ரேல் கரையிலுள்ள அஸ்கலோனுக்கு மேற்கே கடலுக்கடியில், 400 மீட்டர் ஆழத்தில் சாட்சி கிடக்கிறது. 1999இல் ஆய்வாளர்கள் ராபர்ட் பாலார்டும் லாரன்ஸ் ஸ்டேகரும் ஆராய்ந்த கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் கப்பல்கள் இரண்டும் நேராக அமர்ந்த நிலையில் இருந்தன. மரம் உளுத்துப் போய்விட்டது. அடுக்கிய சாடிகள் மட்டும் கப்பலின் வடிவத்திலேயே நிற்கின்றன. ஒவ்வொரு கப்பலிலும் ஏறக்குறைய நானூறு சாடிகள். உட்புறம் பிசின் பூசியவை. ஒவ்வொன்றும் சுமார் பதினெட்டு லிட்டர் கொள்ளும். சாடிகளின் அளவு ஒன்றோடொன்று இவ்வளவு நெருக்கமாக ஒத்திருப்பதால், துறைமுகத்தில் மதுவை அளந்து பார்க்கத் தேவையில்லை, சாடியை எண்ணினால் போதும். சமையல் பானைகளும், தெய்வத்துக்குச் சாம்பிராணி போன்ற நறும்புகை காட்டும் தாங்கி ஒன்றும் அங்கே இருந்தன.

கப்பலைக் கட்டும் முறையிலும் தனித்திறன் இருந்தது. பலகையின் விளிம்பில் துளை வெட்டி, மரநாக்கைச் செருகி, அடுத்த பலகையை அதன்மேல் இறக்கிக் குறுக்கே மர ஆணி அடித்து இறுக்குவார்கள். இந்த இணைப்பை ரோமானியர் பியூனிக், அதாவது பினீசிய இணைப்பு என்றே அழைத்தனர். தந்தச் செதுக்கலையும் கண்ணாடியையும் பற்றி நிறையச் சொல்லலாம். நிம்ரூத் அரண்மனையில் கிடைத்த தந்தத் தகடுகள் சிலவற்றின் பின்புறத்தில், எதை எங்கே பொருத்த வேண்டும் என்று தச்சன் குறித்து வைத்த பினீசிய எழுத்துகள் இருக்கின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கண்ணாடியைக் கண்டுபிடித்தவர்கள் பினீசியர் என்ற பரவலான கூற்று மட்டும் தவறு. மெசப்பொத்தேமியாவிலும் எகிப்திலும் அது முன்பே இருந்தது.

மேற்கு நோக்கிய பயணத்துக்கு முதன்மையான காரணம் வெள்ளி. தென் ஸ்பெயினின் ரியோ டின்டோ சுரங்கப் பகுதி வெள்ளிக்குப் பேர்போனது. அதன் வாசலில் வெல்வாவில் கி.மு. 9ஆம் நூற்றாண்டிலேயே பினீசிய மண்பாண்டங்கள் வந்து இறங்கிவிட்டன. அங்கே கிடைத்த வெள்ளி கப்பல் கொள்ளாத அளவு மிகுந்ததால், நங்கூரத்தில் இருந்த ஈயத்தை எடுத்துவிட்டு வெள்ளியை வைத்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் சொல்வது மிகைக் கதையாக இருக்கலாம். இன்றைய காதிஸ் நகரமான காதிர், வட ஆப்பிரிக்காவின் ஊதிக்கா, மரபுப்படி கி.மு. 814இல் தீருவின் அரசகுலப் பெண் எலிசா நிறுவிய கார்த்தேஜ் என்று மேற்கில் வரிசையாக ஊர்கள் எழுந்தன.

இங்கேதான் சமயம் வணிகத்துக்குள் வருகிறது. மொழி தெரியாத நாட்டில், சட்டமோ நீதிமன்றமோ பொதுவாக இல்லாத இடத்தில், இரு தரப்பும் அஞ்சும் ஒரு சாட்சி வேண்டும். காதிரில் குடியேறியவர்கள் தீருவின் காவல் தெய்வமான மெல்கார்த்துக்குப் பெருங்கோயில் எழுப்பினார்கள். கார்த்தேஜ் பல நூற்றாண்டுகள் தீருவின் மெல்கார்த் கோயிலுக்குக் காணிக்கைக் குழுவை அனுப்பி வந்தது. இத்தாலியின் பிர்ஜி துறைமுகத்தில் 1964இல் கிடைத்த கி.மு. 500 வாக்கிலான பொற்றகடுகளில், உள்ளூர் அரசன் பினீசியத் தெய்வமான அஸ்தார்த்தேக்கு இடம் அளித்ததை இத்தாலியின் பழைய மொழியான எத்ருஸ்கன், பினீசியம் ஆகிய இரு மொழிகளிலும் பொறித்திருக்கிறான். கி.மு. 333இல் ஏதென்ஸ் மக்கள் மன்றம், சைப்ரசின் பினீசிய நகரான கிட்டியோனைச் சேர்ந்த வணிகர்கள் தம் தெய்வத்துக்குக் கோயில் கட்ட நிலம் வாங்க அனுமதி தந்தது. கோயிலுக்குள்ளும் கணக்குத் தெளிவு உண்டு. மார்சேயில் கிடைத்த பியூனிக் கல்வெட்டு ஒன்று, எந்தப் பலிக்குப் பூசாரி எவ்வளவு வாங்கலாம் என்று விலைப்பட்டியல் போட்டிருக்கிறது: எருது என்றால் பத்து வெள்ளி, கால்நடையோ பறவையோ இல்லாத ஏழையிடம் ஒன்றும் வாங்கக் கூடாது.

கார்த்தேஜில் குழந்தைகளைப் பலியிட்டார்களா என்பது அடுத்த கேள்வியாக எப்போதும் வரும். தீயில் எரிந்த சிசுக்களின் எலும்புகள் உள்ள தாழிகள் தொபேத் எனப்படும் இடத்தில் பெருமளவில் உள்ளன. அவை இயல்பாக இறந்த குழந்தைகள் என்று ஒரு தரப்பும், பலி என்று மற்றொரு தரப்பும் அதே எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்து வாதிடுகின்றன. நேர்ந்துகொண்டது நிறைவேறியதாகச் சொல்லும் கல்வெட்டு வாசகங்களைப் பார்க்கையில் பலி நடந்தது என்ற வாதமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. அதை மறைத்துப் பினீசியரைப் புகழ வேண்டிய தேவையும் இல்லை. ஹோமர் காட்டும் அடிமை வணிகமும் கட்டுக்கதை அல்ல.

எழுத்தை அவர்கள் வெறுமையிலிருந்து படைக்கவில்லை. சினாய்ப் பகுதியிலும் எகிப்திலும் கிடைத்த, அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய குறிகளே அதன் வேர். அதை 22 மெய்யெழுத்துகளாக நிலைப்படுத்திப் புழக்கத்தில் கொண்டுவந்தது பினீசிய நகரங்கள், கி.மு. 1000 வாக்கிலான அகிராம் மன்னனின் கல்லறைப் பெட்டி வாசகம் அதன் தொடக்ககாலச் சான்று. மெசப்பொத்தேமியாவின் நூற்றுக்கணக்கான ஆப்பெழுத்துக் குறிகளைக் கற்க ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். 22 எழுத்தைக் கப்பல்காரனும் தச்சனும் கற்றுவிடலாம். கி.மு. 8ஆம் நூற்றாண்டளவில் கிரேக்கர் அதை எடுத்துக்கொண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்தனர். மறுபுறம் அரமேய எழுத்து அதிலிருந்து கிளைத்தது. பிராமி எழுத்து அரமேயத்தின் தாக்கத்தில் உருவானது என்பது அறிஞர் பலரின் கருத்து. அதை ஏற்றால், பிராமியின் தமிழ் வடிவமான தமிழிக்கும் இந்தக் கடற்கரைக்கும் தொலைதூர உறவு உண்டு, ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் அவர்களுடைய நூல்கள் எங்கே? பாப்பிரஸில் எழுதினார்கள், எகிப்தின் வறண்ட மணல் காத்ததைப் போல லெபனானின் ஈரக் கடற்கரை அதைக் காக்கவில்லை. தீருவின் ஆண்டுக்குறிப்புகள் இருந்தன என்பது, அவற்றிலிருந்து பிறர் எடுத்துத் தந்ததை யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ் மேற்கோள் காட்டுவதால்தான் தெரிகிறது. கி.மு. 146இல் கார்த்தேஜைத் தரைமட்டமாக்கிய ரோம், அங்கிருந்த நூலகங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டு, கார்த்தேஜைச் சேர்ந்த மாகோ எழுதிய 28 பகுதிகள் கொண்ட வேளாண்மை நூலை மட்டும் இலத்தீனில் பெயர்க்க ஆணையிட்டது. வணிகர் என்று பெயரெடுத்தவர்களிடமிருந்து வென்றவன் காப்பாற்றிக்கொண்டது பயிர்த்தொழில் நூல் என்பது கவனிக்கத்தக்கது. அதுவும் இன்று சில மேற்கோள்களாகவே எஞ்சியுள்ளது.

இந்தியா வரை வந்தார்களா என்று கேட்பவர்கள் உண்டு. கி.மு. 11, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறிய பினீசியக் குடுவைகள் சிலவற்றில் இலவங்கப்பட்டைக்கு உரிய வேதிப்பொருளின் எச்சம் இருப்பதாக 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. அது சரியாக இருந்தால், தெற்காசியச் சரக்கு பல கை மாறி அங்கே சேர்ந்தது என்று சொல்லலாம். பினீசியக் கப்பல் நம் கரைக்கு வந்தது என்பதற்கு அது சான்றாகாது.

தீருவைக் கி.மு. 332இல் அலெக்சாண்டர் ஏழு மாத முற்றுகைக்குப் பின் வீழ்த்தினான். தீவை அடையக் கடலில் அவன் போட்ட கல்லணையில் மணல் சேர்ந்து, தீரு இன்று நிலத்தோடு ஒட்டிய ஊராகிவிட்டது. ஆனால் வீழ்ச்சிக்குப் பிறகும் அந்நகரின் எடைக்கும் தரத்துக்கும் இருந்த நம்பிக்கை போகவில்லை. கி.மு. 126 முதல் தீரு அச்சிட்ட வெள்ளிச் சேக்கெல் நாணயத்தின் ஒரு பக்கம் மெல்கார்த்தின் தலையும் மறுபக்கம் கழுகும் இருக்கும். உருவ வழிபாட்டை முற்றாக விலக்கிய எருசலேம் ஆலயம், ஆண்டு வரியை அந்த நாணயத்தில்தான் வாங்கியது. அதன் வெள்ளி அத்தனை தூய்மையாக இருந்தது.